சுவருக்கு வெளியே படம் கேட்டவர்

"உள்ள மொத்தம் எத்தினி பொம்பளைங்க அழுதாங்க தம்பி?"

1991 ஜூலையில் ஒரு பகல் காட்சி முடிந்து வெளியே வந்தபோது, சைக்கிள் ஸ்டாண்டு முனிரத்தினம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. டோக்கனை நீட்டிய என் கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை சண்டை, எத்தனை பாட்டு, எந்தப் பாட்டில் கதாநாயகி எந்த நிறச் சேலை என்று கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன்.

"சாவு சீன்லண்ணா?"

"அதான். எத்தினி பேரு?"

"கவனிக்கலண்ணா."

"ரெண்டு கண்ணு வச்சிகினு ரெண்டரை மணி நேரம் இன்னாத்த பாத்தே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஏதோ கொண்டுவருவேன் என்று காத்திருந்து, வெறும் கையோடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த வருஷம் பிளஸ் டூவில் எனக்குக் கணக்கு போய்விட்டது. அக்டோபர் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நானும் மாரியும் சேலையூரிலிருந்து சைக்கிளில் தாம்பரம் வந்து, வெளியாகிற படத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். மாரி என் வகுப்பு. அவனுக்கும் கணக்குதான் போயிருந்தது. எந்தப் படம் எத்தனை நாள் ஓடும் என்பதில் எங்கள் இருவருக்கும் தினமும் சண்டை. அந்தச் சண்டையில் மூன்றாவது ஆளாக முனிரத்தினம் வந்து சேர்ந்தார்.

ஸ்டாண்டு தியேட்டரின் பின்பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே சரளை மண். சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன்கள். இரண்டாவது ஃபேனுக்கு நேர் கீழே அவருடைய ஸ்டூல். வண்டியை வாங்குவார், சீட்டில் சாக்பீஸால் எண் போடுவார், தலையைத் தூக்காமலே அலுமினிய டோக்கனை நீட்டுவார். இடது கையில் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒரு சின்ன விரல் இருந்தது. டோக்கன் எப்போதும் அந்த விரலோடு சேர்ந்துதான் நம் கைக்கு வரும்.

படம் ஆரம்பித்துவிட்டால் ஸ்டாண்டில் ஒரு ஆள், நூறு சைக்கிள். ஃபேன் வழியாகச் சூடான காற்றும் பீடிப் புகையும் குரல்களும் வெளியே வரும். நல்ல வெயிலில், மனித நடமாட்டமே இல்லாத அந்த இடத்தில், யாரோ ஒருவன் "என்னை விட்டுடுங்க" என்று கெஞ்சுவான். யாரோ ஒருத்தி சிரிப்பாள். முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. கேட்டதுதான். அதனால் படங்களுக்கு அவர் வைத்த பெயர் வேறு. கதவுப் படம், ரயில் படம், செருப்புப் படம் என்பார். அவருடைய அபிப்பிராயங்களும் வேறு மாதிரி.

"உங்க ஹீரோ இந்தப் படத்துல நல்லா நடிச்சிருக்காரா அண்ணா?" என்று மாரி வம்புக்கு இழுப்பான்.

"நடிப்பு இன்னாவோ. நடைதான் சரியில்ல. போன மாசம் வில்லன் நடந்த அதே நடை."

"அது எப்படி? வில்லன் வேற, ஹீரோ வேற."

"ஆளு வேற. நடக்கிறவன் ஒருத்தன்தான். அல்லாருக்கும் அவன் ஒருத்தன்தான் நடக்குறான். வலது காலு கொஞ்சம் லேட்டா வரும். பொம்பளைக்கும் அவன்தான் நடக்குறான், கொலுசு கட்டிகினு."

மாரி சிரித்தான். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் உள்ளே உட்கார்ந்து காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டேன். கதாநாயகன் நடந்தான், அப்பா நடந்தார், போலீஸ்காரர் நடந்தார். எல்லோருக்கும் வலது கால் கொஞ்சம் தாமதமாக வந்தது. அதன் பிறகு எந்தப் படத்தையும் என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. எத்தனை முகம் வந்தாலும், அந்த முகங்களுக்குக் கீழே ஒரே ஆள் நடந்துகொண்டிருப்பது போலத் தோன்றியது.

அவருடைய தீர்ப்புகளும் எங்களுக்குப் புரியவில்லை. நூறு நாள் ஓடி, கதாநாயகனுக்கு ஊர் முழுக்கக் கட்-அவுட் வைத்த படத்தை "அதுல ஒண்ணும் இல்ல" என்று ஒரே வார்த்தையில் தள்ளினார். நான்கு நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன படத்தை "தங்கமான படம்" என்றார். அது போன அன்று மேனேஜரிடம் போய், "இன்னும் ஒரு வாரம் ஓட்டக் கூடாதா சார்" என்று கெஞ்சியதாக டிக்கெட் கிழிப்பவர் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்குப் பிடித்தது அந்த வருஷம் பொங்கலுக்கு வந்த ஒரு கிராமத்துப் படம். அது எங்களுக்குத் தூக்கத்தை வரவழைத்த படம். வரப்போகிற படங்களைப் பற்றி அவர் கேட்பது ஒன்றுதான். சுவரொட்டியைக் காட்டி, "இதுல சாவு கீதா?" என்பார்.

ஆகஸ்டில் ஒரு படத்தில் பெரியவர் ஒருவர் சாகிற காட்சி வந்தது. நான் எண்ணினேன். பிணத்தைச் சுற்றி ஐந்து பெண்கள். வெளியே வந்து சொன்னேன்.

"அஞ்சு பேருண்ணா."

"ஏழு" என்றார். "மறுபடி நாளைக்கு மேட்னிக்கு வா. டிக்கெட் எடுக்காதே. இங்க வா."

போனேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயரைப் போட்டு என்னை உட்கார வைத்தார். நாலே முக்காலுக்கு அந்தக் காட்சி வந்தது. ஷெனாய் மாதிரி ஏதோ வாசித்தார்கள். அதன் அடியில் அழுகை. முனிரத்தினம் வலது கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஒண்ணு, ரெண்டு. ஒவ்வொரு குரலும் அவர் விரல் மடங்கும்போதுதான் எனக்குப் பிரிந்து கேட்டது. ஐந்து முடிந்து இடது கைக்கு வந்தார். ஆறு. கடைசியாக ஒன்று எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மற்ற ஆறும் வெறும் அழுகை. இது ஒப்பாரி. வார்த்தைகள் இருந்தன.

ஆறு விரல் புடிச்சி நான்
ஏரிக்கரை நடந்தேனே
நடத்தி வந்த கையி இப்ப
நெருப்புக்குப் போகுதம்மா

அவருடைய இடது கை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"என் தங்கச்சி" என்றார். "அங்காளம்மா. எனக்குத்தான் அழுவுறா."

அன்று மாலைக் காட்சிக்கு வண்டிகள் வந்து சேர்வதற்குள் கதையைச் சொல்லி முடித்தார். அவர்கள் படப்பைக்குப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் நிலம் இருந்தது. அங்காளம்மாளைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஒப்பாரி நன்றாகப் பாடுவாள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். 1983-இல் அந்தப் பக்கம் படம் எடுக்க வந்தவர்கள் ஒரு சாவுக் காட்சிக்கு ஊர்ப் பெண்களைக் கூலிக்கு அழைத்தார்கள். அவளும் போனாள். பிறகு கோடம்பாக்கத்தில் குரல் கொடுக்கவும் கூப்பிட்டார்கள்.

"சாவு இல்லாத வூட்ல காசுக்கு அழுவுறாளேன்னு சொந்தக்காரங்க அல்லாரும் என்னைப் புடிச்சிகினாங்க. பங்காளி வூட்டு விசேஷத்துக்குச் சொல்லல. எனக்கு ரோசம் வந்துடுச்சி. போவாதேன்னேன். போவேன்னா. சரி போ, நான் தலை முழுகிடுறேன்னேன்."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கோபத்தில் சொல்கிற வார்த்தைதான் அது. யாரும் செய்வதில்லை. அவர் செய்தார். காலையில் ஊரைக் கூட்டி ஏரிக்குப் போய், பிணத்தை எரித்துவிட்டு வந்தவன் குளிக்கிற மாதிரி மூன்று முழுக்குப் போட்டார். எழுந்து பார்த்தபோது கரையில் அங்காளம்மாள் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாளாம். அழவில்லை. அவர் ஈரத் தலையோடு அவளைத் தாண்டி நடந்தார். செத்தவளிடம் பேசக் கூடாது அல்லவா.

"நான் அவளுக்குத் தலை முழுகினேன். அவ எனக்கு ஒப்பாரி வச்சிட்டா. கணக்கு நேராச்சி" என்றார்.

பிறகு நிலம் கைமாறி, 1986-இல் அவர் தாம்பரம் வந்து இந்த ஸ்டாண்டை எடுத்தார். ஒரு நாள் ஃபேன் வழியாக அந்தக் குரல் வந்தது. உடனே டிக்கெட் எடுத்து உள்ளே ஓடினார். திரையில் யாரோ ஒரு தடித்த பெண் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவள் வாயிலிருந்து தங்கையின் குரல் வந்தது. அதைப் பார்த்தவர் பாதியில் எழுந்து வந்துவிட்டார். அப்புறம் உள்ளே போனதே இல்லை.

"உசுரோட கீறவனுக்கு ஒப்பாரி வச்சா ஆயுசு கெட்டின்னுவாங்க. எனக்கு ஒரு நாளைக்கு நாலு ஷோ" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புதுப் படத்துல கேட்டா நிம்மதி தம்பி. இந்த மாசமும் உசுரோட கீறாள்னு ஒரு லெட்டர் வந்த மாதிரி."

அப்போதுதான் அவருடைய நல்ல படம், கெட்ட படம் எல்லாம் எனக்கு விளங்கியது. பொங்கல் படம் ஏன் தங்கம் என்றும் சொன்னார். அதில் அவள் புதிதாக ஒரு வரி பாடினாளாம். 'வரிசையில நூறு வண்டி' என்பது மட்டும் கேட்டது, மிச்சத்தை மேளம் விழுங்கிவிட்டது.

இதையெல்லாம் நான் மாரியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவனுடைய மாமா பையன் வடபழனியில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் டீ வாங்கிக் கொடுக்கிற வேலையில் இருந்தான். ஒரு வாரம் கழித்து மாரி ஸ்டாண்டில் வண்டியை விட்டுக்கொண்டே சொன்னான்.

"அண்ணா, அதெல்லாம் ஒரு தடவை புடிச்ச சத்தமாம். டேப்புல வச்சிருப்பாங்களாம். எந்தப் படத்துல சாவு வந்தாலும் அதையே எடுத்து ஒட்டிடுவாங்களாம். உங்க தங்கச்சி பாடி எட்டு வருஷம் ஆயிருக்கும்."

முனிரத்தினம் மாரிக்கு டோக்கன் கொடுத்தார். அடுத்த மூன்று நாள் ஸ்டூலை ஃபேனுக்குக் கீழிருந்து எடுத்து வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் என்னிடம், "அந்த எடத்துக்கு என்னைக் கூட்டிகினு போறியா" என்றார். "லெட்டர் போட்டவ உசுரோட கீறாளா இல்லியான்னு தெரிஞ்சிக்கணும். அஞ்சு வருஷமா ஒரே லெட்டரத்தான் படிச்சிகினு இருந்தேனா."

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போய், அங்கிருந்து வடபழனிக்கு நடந்தோம். மாரியின் உறவுக்காரப் பையன் எங்களை ஒரு மாடி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தான். எஃபெக்ட்ஸ்காரர் வேதாசலம் வருவார் என்றான். எஃபெக்ட்ஸ் என்றால் படத்துக்குக் கதவுச் சத்தம், மழைச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் கொடுப்பது.

கொஞ்ச நேரத்தில் மாடி நடையின் வளைவுக்கு அப்பால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை. முனிரத்தினம் விறைத்துப்போய் எழுந்து நின்றார். எனக்கும் கேட்டது. வலது கால் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"இவருதான்" என்று என் காதில் சொன்னார். "எல்லாருமே இவருதான்."

வந்தவர் ஒல்லியான, கண்ணாடி போட்ட, ஐம்பத்தைந்து வயது மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்களை விநோதமாகப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிப் போனார். சுவரெல்லாம் சணல் மெத்தை. மூலையில் ஒரு பெட்டி நிறைய செருப்புகள், கொலுசுகள், சுவரே இல்லாமல் தனியாக நின்ற ஒரு கதவு. அங்கே பேசினால் நம் குரல் வாயை விட்டு வெளியே போகாமல் அங்கேயே விழுந்துவிடுகிறது.

டப்பாவின் மேல் 'சாவு வீடு, பெண்கள் ஏழு, 1983' என்று எழுதியிருந்தது. டேப்பை மாட்டினார்.

இசை இல்லாமல் அந்தக் குரலை அன்றுதான் கேட்டோம். ஏழு பேர் நம்மைச் சுற்றி உட்கார்ந்து அழுதால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நடுவில் நாற்காலியில் முனிரத்தினம் இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சாத்தி வைத்த பிணத்தைப் போல இருந்தார் என்று எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தார். கடைசியில் ஒரு ஆண் குரல் "போதும்மா, கட்" என்றது. ஆறு குரல் டக்கென்று நின்றது. யாரோ ஒருத்தி இருமினாள். ஏழாவது குரல் நிற்கவில்லை. "போதும்மா" என்று மறுபடி சொன்னார்கள். அது பாடிக்கொண்டே இருந்தது. டேப் தீர்ந்துபோய் வெறுமனே சுற்றியது.

"நாப்பது படத்துக்கு மேல போட்டிருப்பேன்" என்றார் வேதாசலம். "இந்த மாதிரி அழுகை அப்புறம் கிடைக்கல."

நாற்பது படம். ஒன்றும் கடிதமில்லை. அப்போதுதான் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது.

"சார், இதுல வண்டி வரலியே. பொங்கலுக்கு வந்த படத்துல 'வரிசையில நூறு வண்டி'ன்னு ஒரு வரி உண்டு."

வேதாசலம் யோசித்தார். "அந்த டைரக்டர் பழசு வேணாம்னுட்டாரு. போன வருஷம் ஐப்பசி வாக்குல புதுசா எடுத்தோம். நாலு பேர் வந்தாங்க" என்று வேறு டப்பாவைத் தேடி எடுத்தார்.

குரல் கொஞ்சம் தடித்திருந்தது, மூச்சு நடுவில் அறுந்தது. ஆனால் அதே குரல்.

வாடகைக்கு வண்டி வாங்கி
வழியெல்லாம் தள்ளி வந்தேன்
வரிசையில நூறு வண்டி
வாங்கி வச்ச என் பொறப்பே
வில்லை ஒண்ணு குடுத்தியே நீ
விழி தூக்கிப் பாக்கலியே

"அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது" என்றார் முனிரத்தினம். அறையில் அந்தக் குரல் மெத்தைக்குள் விழுந்து அடங்கியது. "தள்ளிகினு வந்திருக்கா. என் எதிர்ல நிக்கணும்னு ஒரு வண்டிய வாடகைக்கு எடுத்துகினு வந்து நின்னிருக்கா. நான் டோக்கன் குடுத்திருக்கேன்."

வேதாசலம் ரிஜிஸ்டரைப் பார்த்தார். 'பெண்கள் நான்கு' என்று மட்டும் இருந்தது. கூட்டி வந்த ஏஜென்ட் மதுரைப் பக்கம் போய்விட்டாராம். "ஒருத்தி மட்டும் போகும்போது கேட்டா. இந்தப் படம் தாம்பரத்துல வருமா சார்ன்னு. வரும்னேன். அவ்வளவுதான்."

கிளம்பும்போது முனிரத்தினம் கைகூப்பி ஒன்று கேட்டார். "அந்தப் பழைய டேப்ப இனிமே எந்தப் படத்துலயும் போடாதீங்க சார். அப்பதான் எனக்குக் கேக்கிறது மெய்யா இருக்கும்." வேதாசலம் அந்தப் பழைய டப்பாவை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் தலைகீழாக வைத்தார். அந்த வேண்டுகோளை அவர் இன்றுவரை காப்பாற்றுகிறார்.

அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. அந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் கணக்கில் தேறிவிட்டேன். வந்த படங்களில் பதினாறில் சாவு இருந்தது. எல்லாவற்றையும் நான் உள்ளே உட்கார்ந்து எண்ணினேன், அவர் வெளியே உட்கார்ந்து எண்ணினார். அங்காளம்மாள் குரல் ஒன்றிலும் இல்லை. இந்தத் தீபாவளிப் படத்தில் ஒரு தாயின் பிணத்தைச் சுற்றிப் பத்துப் பேர் அழுதார்கள். வெளியே வந்தபோது அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

"பொங்கலுக்கு மூணு படம் வருதாம்" என்றார். "ஒண்ணுலயாவது சாவு இருக்கணும். ஊர்ல சாவு வேணும்னு வேண்டிக்கிற ஆளு நான் ஒருத்தன்தான் தம்பி."

தலை முழுகியவளைத் திரும்பக் கூப்பிட ஏதாவது சடங்கு உண்டா என்று கிராமத்துக்குப் போய்க் கேட்டு வந்தார். அப்படி ஒன்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது டோக்கன் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கிறார். பெண்கள் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறார். "இன்னா பெரியவரே, பொண்ணு பாக்கிறியா" என்று வரிசையில் கேலி செய்கிறார்கள். படம் ஆரம்பித்து டைட்டில் போன பிறகும் வரிசை நகராது. மேனேஜர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.

அங்காளம்மாளுக்கு இப்போது நாற்பது வயது இருக்கலாம். படம் எடுக்கிற இடங்களில், கூலிக்கு அழக் கூப்பிடுகிற இடங்களில், அல்லது உங்கள் தெருவில் சாவு விழுந்த வீட்டில், ஆறு விரலைச் சொல்லி ஒப்பாரி வைக்கிற ஒரு பெண்ணை நீங்கள் கேட்டிருக்கலாம். இந்தக் கதையை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அங்காளம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள், படிக்கத் தெரியாத ஒருவரிடமாவது வாயால் சொல்லுங்கள், அவரை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தாம்பரத்தில் முனிரத்தினம் உயிரோடு இருக்கிறார், இப்போது முகம் பார்க்கிறார் என்று மட்டும் சொன்னால் போதும்.